நியூமோனியா குணமாகியும் எழாத முதியோர்

முதியவர் ஒருவர் நியூமோனியாவினால் பீடிக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும்போது, குடும்பத்தினரின் கவனம் முழுவதும் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஆகியவற்றின் மீதே குவிந்திருக்கும். அது இயல்பானதே. ஒரு வாரமோ பத்து நாட்களோ சென்றதும் காய்ச்சல் தணிகின்றது. ஒட்சிசன் குழாய் அகற்றப்படுகின்றது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் சீரடைகின்றன. 'துண்டு வெட்டி' வீட்டுக்கு அனுப்புகின்றார்கள். உறவினர்கள் பெருமூச்சு விடுகின்றார்கள். ஆனால், நோய் வரும்வரை தானாகவே கிணற்றடிக்குச் சென்று குளித்தவரும், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நடந்து போய் வந்தவருமான அந்த மனிதர், வீடு திரும்பிய பின்னர் மலசலகூடத்திற்குச் செல்வதற்கே இருவரின் தோள்களை நாட வேண்டியவராகிவிடுகின்றார். சில மாதங்களில் மீண்டும் காய்ச்சல், மீண்டும் வைத்தியசாலை. 'வயது போய்விட்டது, இனி என்ன செய்வது' என்று குடும்பம் தன்னைத் தேற்றிக்கொள்கின்றது.

இதில் வயதின் பங்கு இல்லை என்று எவரும் கூற முடியாது. நோயின் கடுமைக்கும், அவரிடம் ஏற்கெனவே இருந்த இருதய நோய், நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றுக்கும் பங்குண்டு. எனினும் அந்தத் தளர்ச்சியின் கணிசமான ஒரு பகுதி வயதினாலும் கிருமியினாலும் வந்ததல்ல. உண்ணாமலும் எழாமலும் கழிந்த நாட்களினால் வந்தது. அப்பகுதி தடுக்கக்கூடியது என்பதை மருத்துவ ஆய்வுகள் கடந்த பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. நோய்க் காலத்தில் முதியவர் எவ்வளவு உண்டார், எவ்வளவு நேரம் படுக்கையை விட்டு எழுந்திருந்தார் என்ற இரு கேள்விகளும், எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. ஆயினும் இவ்விரண்டையும் கேட்பவர் மிகச் சிலரே.

தசை எனும் சேமிப்பு

முப்பது, நாற்பது வயதைக் கடந்த பின்னர் மனித உடலின் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றது. அறுபதைத் தாண்டியதும் இத்தேய்வு விரைவடைகின்றது. முதுமையில் தசையும் அதன் வலுவும் இவ்வாறு குன்றுவதற்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பேர்க் 1980களின் இறுதியில் முன்மொழிந்தார். கிரேக்க மொழியில் 'தசை வறுமை' என்பது அதன் பொருள். வறுமை என்ற சொல் இங்கு பொருத்தமானதே. ஏனெனில் தசை என்பது நடக்கவும் தூக்கவும் மட்டும் உதவும் உறுப்பன்று. அது உடலின் சேமிப்பு வங்கியுமாகும்.

கிருமித் தொற்று ஏற்பட்டதும் உடல் போர்க்கால நிலைக்கு மாறுகின்றது. வெண்குருதிக் கலங்களைப் பெருக்கவும், நிர்ப்பீடனப் புரதங்களை உருவாக்கவும், சிதைந்த நுரையீரல் இழையத்தைச் சீரமைக்கவும் பெருமளவு அமினோ அமிலங்கள் தேவைப்படுகின்றன. அத்துடன் உடல் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது, உடல் எரிக்கும் சக்தியின் அளவு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகின்றது. செலவு அதிகரிக்கும் இதே வேளையில் வரவு குறைகின்றது. காய்ச்சலால் பசி மறைகின்றது, வாய் கசக்கின்றது, மூச்சு வாங்குவதால் நான்கு கவளத்திற்கு மேல் உண்ண முடிவதில்லை. அப்போது உடல் தன் சேமிப்பில் கைவைக்கின்றது. தசையை உடைத்து அதிலுள்ள அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கின்றது.

இளைஞர் ஒருவர் இவ்வாறு இழப்பதைச் சில வாரங்களில் மீளச் சேர்த்துக்கொள்வார். முதியவரின் நிலை வேறு. அவருடைய சேமிப்பு முன்னரே சுருங்கியிருக்கின்றது. மேலும், உண்ணும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் முதுமையில் மந்தமடைகின்றது. ஆகவே ஓர் இளைஞருக்குப் போதுமான புரதம் முதியவருக்குப் போதாது. 'வயதானவர்தானே, கொஞ்சம் சாப்பிட்டால் போதும்' என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது இங்கேதான் தெளிவாகின்றது. அவருக்குத் தேவையான மொத்தச் சக்தி குறைந்திருக்கலாம். தேவையான புரதமோ கூடியிருக்கின்றது.

சுவாச நோய்களில் தசை இழப்பு இரட்டிப்புத் தீங்கை விளைவிக்கின்றது. சுவாசிப்பதே தசைகளின் வேலைதான். பிரிமென்றகடும், விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும், வயிற்றுத் தசைகளும் ஒன்றிணைந்து இயங்கினால்தான் ஆழமாக மூச்செடுக்கவும் பலமாக இருமவும் முடியும். இருமல் நோயின் அறிகுறி மாத்திரமன்று. நுரையீரலைத் துப்புரவு செய்யும் வழியும் அதுவே. மெலிந்து தளர்ந்த முதியவரால் சளியை வெளியேற்றும் அளவுக்கு இரும முடிவதில்லை. வெளியேறாத சளி மீண்டும் தொற்றுக்கு இடமளிக்கின்றது. 'மாறி மாறி வருகின்றது' என்று குடும்பத்தினர் கூறும் நியூமோனியாவின் பின்னணியில் பல வேளைகளில் இவ்வறுமையே மறைந்திருக்கின்றது.

படுக்கையின் அபாயம்

நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய கருத்தாகும். ஆனால் 1947ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரித்தானிய மருத்துவர், நீண்ட படுக்கை ஓய்வு உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வாறு கேடு செய்கின்றது என்பதைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் விரிவாக எழுதி எச்சரித்தார். அறுபது ஆண்டுகளின் பின்னர், 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதனை எண்களால் நிறுவியது. நோய் எதுவுமற்ற, சராசரியாக 67 வயதுடைய தொண்டர்கள் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். பத்து நாட்களின் முடிவில் அவர்கள் தமது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். முழங்காலை நீட்டும் வலு சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. இவர்கள் ஆரோக்கியமானவர்கள், போதிய உணவும் பெற்றவர்கள் என்பதை மனங்கொள்ள வேண்டும். காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்த ஒரு நோயாளியின் இழப்பு எத்தகையதாக இருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்றுறுப்புகள் பிரிமென்றகட்டை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நுரையீரலின் அடிப்பாகங்கள் சரிவர விரிவதில்லை. அங்கே சளி தேங்குகின்றது. நிமிர்ந்து அமர்ந்தவுடன் இந்நிலை மாறுகின்றது. எனவே நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது நுரையீரலுக்குச் செய்யப்படும் நேரடிச் சிகிச்சையே.

இதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் மூன்று வைத்தியசாலைகளில் நியூமோனியாவுக்காக அனுமதிக்கப்பட்ட 458 நோயாளர்களிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், ஒரு சாரார் முதல் 24 மணித்தியாலத்திற்குள் குறைந்தது 20 நிமிடங்களாவது படுக்கையை விட்டு எழுப்பப்பட்டனர். அதன் பின்னர் நாள்தோறும் நடமாட்டம் கூட்டப்பட்டது. வழமையான பராமரிப்பைப் பெற்றவர்கள் சராசரியாக 6.9 நாட்கள் வைத்தியசாலையில் தங்கியிருக்க, இவர்கள் 5.8 நாட்களில் வீடு திரும்பினர். பாதகமான விளைவுகள் அதிகரிக்கவில்லை.

ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2019இல் வெளியானது. பல்வேறு கடும் நோய்களுக்காக அனுமதிக்கப்பட்ட, சராசரியாக 87 வயதுடைய 370 பேர் அதில் இடம்பெற்றனர். உண்ணுதல், குளித்தல், உடுத்தல், கட்டிலிலிருந்து எழுதல், நடத்தல், படியேறுதல் முதலிய பத்து அன்றாடக் கருமங்களை மதிப்பிடும் 'பார்தெல் சுட்டெண்' என்ற அளவுகோல் உண்டு. நூறு புள்ளிகள் பெற்றவர் இக்கருமங்களில் பிறர் உதவி வேண்டாதவர். வழமையான சிகிச்சை பெற்றவர்கள் வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது இவ்வளவுகோலில் சராசரியாக ஐந்து புள்ளிகளை இழந்திருந்தனர். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள் எனச் சில நாட்கள் மாத்திரம் மேற்பார்வையுடன் உடற்பயிற்சி செய்தவர்களோ ஏறத்தாழ இரண்டு புள்ளிகளைக் கூடுதலாகப் பெற்றிருந்தனர். எண்பத்தேழு வயதிலும் தசை பயிற்சிக்குப் பதிலளிக்கின்றது என்பதே இதன் செய்தியாகும்.

உணவும் மருந்தே

உணவைப் பற்றிய சான்றுகளில் மிகவும் வலுவானது சுவிட்சர்லாந்திலிருந்து கிடைத்திருக்கின்றது. அங்குள்ள எட்டு வைத்தியசாலைகளில் போஷாக்குக் குறைபாட்டு அபாயம் உள்ளவர்களென இனங்காணப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். சராசரி வயது எழுபதுக்கு மேல். தொற்று நோயுடன் வந்தவர்கள் அவர்களிடையே கணிசமாக இருந்தனர். ஒரு பிரிவினருக்கு வழமையான வைத்தியசாலை உணவு. மற்றப் பிரிவினருக்கு அவரவர் தேவை கணக்கிடப்பட்டு, விருப்பத்துக்கேற்பவும் இடையுணவுகள் சேர்த்தும் திட்டமிடப்பட்ட உணவு. 2019இல் வெளியான முடிவுகளின்படி, முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் வழமையான உணவு பெற்ற பிரிவில் சுமார் பத்து சதவீதம்; திட்டமிட்ட உணவு பெற்ற பிரிவில் சுமார் ஏழு சதவீதம். விலையுயர்ந்த புதிய மருந்தொன்று இத்தகைய பலனைத் தந்திருந்தால் உலகப் பத்திரிகைகள் யாவும் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டிருக்கும்.

நோயுற்ற முதியவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது 2013இல் சர்வதேச நிபுணர் குழுவொன்று முன்வைத்த பரிந்துரையாகும். ஆரோக்கியமாக உள்ள முதியவருக்கும் ஒரு கிராமுக்குக் குறையலாகாது. சக்தித் தேவை கிலோவுக்கு ஏறத்தாழ முப்பது கலோரி. அதாவது ஐம்பது கிலோ நிறையுள்ள நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு அறுபது முதல் எழுபத்தைந்து கிராம் புரதமும் சுமார் 1,500 கலோரியும் வேண்டும்.

இதனை எமது சமையலறையின் கணக்கில் பார்ப்போம். ஒரு கோழி முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் உண்டு. ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. சமைத்த மீன் நூறு கிராமில் இருபது கிராமளவு கிடைக்கும். ஒரு சிறு கிண்ணம் பருப்புக்கறியில் எட்டு அல்லது ஒன்பது கிராம். ஆகவே இரண்டு முட்டை, இரண்டு தம்ளர் பால், ஒரு துண்டு மீன், ஒரு கிண்ணம் பருப்பு ஆகியவற்றுடன் சோறோ இடியப்பமோ சேர்ந்தால் அறுபது கிராமை எட்டிவிடலாம். மரக்கறி உண்பவர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாகப் பயறு, கடலை, உழுந்து, சோயா, தயிர் என்பவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். இப்புரதத்தை இரவில் ஒரே வேளையில் திணிப்பதைவிட மூன்று வேளைக்கும் பகிர்ந்தளிப்பது முதியவரின் தசைக்கு உகந்தது.

இப்போது நோயாளிக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பவற்றை நோக்குவோம். வெறும் அரிசிக் கஞ்சி, ரஸ்க், கிறீம் கிறக்கர் பிஸ்கட், கொத்தமல்லிக் குடிநீர், பால் சேர்க்காத தேநீர், இளநீர். இவற்றில் நீர் உண்டு. சிறிதளவு மாச்சத்து உண்டு. புரதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. முட்டை சூடு, மீன் கிரந்தி, தயிர் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, நோயாளியின் தட்டு இறுதியில் வெறுமையாகின்றது. 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது பழமொழி. செமியாக் குணத்தில் ஒரு வேளை பட்டினி கிடக்கும் இளைஞருக்கு அது பொருந்தலாம். எழுபத்தைந்து வயதில் நியூமோனியாவுடன் போராடுபவருக்கு ஒரு வாரப் பட்டினி ஒளடதம் ஆகாது.

பத்தியம் என்ற மரபையே நிராகரிக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. எமது மரபிலேயே வலுவூட்டும் உணவுகள் தாராளமாக இருக்கின்றன. பருப்பும் பாலும் சேர்த்துக் குழைத்த கஞ்சி, யாழ்ப்பாணத்தின் உழுத்தங்களி, மீனும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் சேரும் ஒடியற்கூழ், இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து முஸ்லிம் இல்லங்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி ஆகியன யாவும் நோயாளிக்கேற்ற பதத்திற்கு மாற்றத்தக்கவை. கஞ்சியைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குள் ஒரு முட்டையை அடித்துக் கலந்தாலே, இரண்டு கரண்டி பயற்றமாவைச் சேர்த்தாலே, அது வேறோர் உணவாகிவிடும். பசியற்றவருக்குப் பெரிய தட்டு மலைப்பைத் தரும். சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுப்பதே சிறந்தது.

எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கு, குறிப்பாக இரத்தச் சுத்திகரிப்பை இன்னும் தொடங்காதவர்களுக்கு, புரதத்தின் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வடமத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுவதால் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. பல நாட்கள் ஏறத்தாழ எதுவும் உண்ணாதிருந்தவருக்குத் திடீரென அதிக உணவு கொடுப்பதும் ஆபத்தானது. இரத்தத்திலுள்ள உப்புகளின் சமநிலை குலையக்கூடும். இருதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு நீராகாரத்தின் அளவும் உப்பும் கவனிக்கப்பட வேண்டும். மறுபுறம், நீரிழிவு உள்ள முதியவர்கள் சீனிக்குப் பயந்து சோற்றைக் குறைத்து, கொழுப்புக்குப் பயந்து முட்டையையும் பாலையும் நிறுத்தி, ஈற்றில் மந்தபோஷணைக்கு ஆளாவதையும் காண்கின்றோம். நோய்க் காலத்தில் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

விரதமும் நோன்பும்

வயோதிபர்கள் பலர் விரதத்தையோ நோன்பையோ கைவிடுவதற்குச் சம்மதிப்பதில்லை. பல தசாப்தங்களாகக் கடைப்பிடித்ததை நோயின் பெயரால் விடுவது அவர்களுக்கு மன வேதனையைத் தருகின்றது. இஸ்லாம் நோயாளருக்கும், நோன்பைத் தாங்க முடியாத முதியோருக்கும் விலக்களித்துள்ளது. குணமடைந்த பின்னர் நோற்கலாம். குணமடையும் வாய்ப்பில்லாதவர் ஏழைக்கு உணவளித்து அதனை ஈடுசெய்யலாம். இந்துக்களின் விரத மரபிலும் இயலாதவர் பாலும் பழமும் உண்டு நோற்பதற்கு இடமுண்டு. பிள்ளைகள் வாதாடுவதிலும் பார்க்க, அவர்கள் மதிக்கும் மௌலவியோ குருக்களோ ஒரு வார்த்தை சொல்வது பயன்தரும். நியூமோனியாவிலிருந்து மீண்ட முதல் சில வாரங்கள் உடல் தன் இழப்பை ஈடுசெய்யும் காலம் என்பதை மதத் தலைவர்களும் அறிந்திருப்பது நல்லது.

வாயும் விழுங்குதலும்

முதியோரின் நியூமோனியாவில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவதன்று. உணவோ உமிழ்நீரோ வழிதவறி மூச்சுக்குழாயினுள் இறங்குவதால் அது உண்டாகின்றது. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களும், மறதி நோய் உள்ளவர்களும், பார்க்கின்சன் நோயாளரும் இதற்கு எளிதில் இலக்காகின்றனர். விழுங்கும் செயலும் தசைகளினாலேயே நடைபெறுவதால், மெலிந்தவர் எவரும் இவ்வாபத்திலிருந்து முற்றாக விலகியவரல்லர். உண்ணும்போது இருமுதல், குரல் கரகரத்தல், ஒரு வேளை உணவுக்கு வழமையைவிட நெடுநேரம் எடுத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இத்தகையோரைப் படுத்த நிலையில் ஊட்டலாகாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், அவசரமின்றி ஊட்ட வேண்டும். உண்டபின் அரை மணித்தியாலமாவது அமர்ந்தே இருக்கச் செய்ய வேண்டும்.

வாயில் கிருமிகள் பெருகியிருந்தால் வழிதவறும் உமிழ்நீரின் ஒவ்வொரு துளியும் அபாயமானது. ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வேளை உணவின் பின்னரும் பராமரிப்பாளர்களால் பல் துலக்கி வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அவ்வாறு செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நியூமோனியா ஏற்பட்டது. ஒரு பற்தூரிகையின் விலை எவ்வளவு என்பதை நாம் அறிவோம். பொருந்தாத செயற்கைப் பற்களும் கவனிக்கப்பட வேண்டியவை. மெல்ல முடியாதவர் முதலில் கைவிடுவது இறைச்சியையும் கடலையையுமே, அதாவது புரதத்தையே.

நோய்க்கு முன்னரே அறிய வேண்டியவை

நியூமோனியா வருமுன் முதியவர் எந்நிலையில் இருந்தார் என்பதே அதன் பின்னர் எந்நிலைக்குத் திரும்புவார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. எனவே இன்று நலமாக இருப்பவரிடமே சில அடையாளங்களை நோக்குவது பயன்தரும். எவ்வித முயற்சியுமின்றி மூன்று மாதங்களில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் அது எச்சரிக்கை. சாரமும் சட்டையும் தொளதொளக்கத் தொடங்குவதே தராசு இல்லாத வீட்டில் அதற்கான அடையாளம். 2019இல் ஆசிய நிபுணர்கள் வகுத்த அளவீடுகளின்படி, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்றிமீற்றரிலும், பெண்களுக்கு 33 சென்றிமீற்றரிலும் குறைவாக இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். தையல் நாடா ஒன்று இதற்குப் போதும். கைகளை மார்பில் கட்டியவாறு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்வதற்குப் பன்னிரண்டு வினாடிகளோ அதற்கு மேலோ எடுப்பதும் தசை வலு குறைந்ததன் அறிகுறியாகும். விழுந்துவிடாதிருக்க ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதியோரிடம் நியூமோனியா எப்போதும் காய்ச்சலுடன் வருவதில்லை. திடீரெனச் சாப்பிட மறுத்தல், மாறாட்டமாகப் பேசுதல், காரணமின்றி விழுதல், மூச்சு விரைவடைதல் என்பனவே சிலரிடம் முதல் அறிகுறிகள். 'இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை' என்பது அலட்சியம் செய்யக்கூடிய முறைப்பாடல்ல. இன்புளுவென்சா, நியூமோகொக்கஸ் கிருமி ஆகியவற்றுக்கெதிரான தடுப்பூசிகள் குறித்தும் குடும்ப வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது அவசியம். ஹஜ், உம்றா போன்று பெருங்கூட்டம் கூடும் யாத்திரைகளுக்குச் செல்லும் முதியோர் இதில் மேலதிக கவனம் செலுத்த வேண்டும்.

தனிமையும் வறுமையும்

எத்தனை ஆலோசனை கூறினும், முட்டை வாங்கப் பணமில்லாத வீட்டில் அவை வெறும் சொற்களே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்நாட்களில் பல வீடுகளில் மீன், முட்டை, பால்மா என்பன முதலில் நிறுத்தப்பட்டன. குழந்தைகளுக்கு ஒதுக்கிய பின்னர் எஞ்சியதே மூத்தவர்களைச் சென்றடைந்தது. பாட்டியோ உம்மும்மாவோ 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லித் தன் பங்கைப் பேரப்பிள்ளைக்குத் தள்ளிவிடுவது எமது சமூகங்களில் புதிதல்ல. பணவீக்கம் பின்னர் தணிந்தது. எனினும் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைப் போரில் இழந்தவர்களும், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டவர்களுமான முதியோர் தனித்து வாழ்கின்றனர். மலையகத்தில் வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர்கள், குளிரும் ஈரமும் மிகுந்த லயன் அறைகளில் விறகடுப்பின் புகைக்கு மத்தியில் காலங்கழிக்கின்றனர். தனித்திருப்பவர் தனக்கென்று அடுப்பு மூட்டுவது அரிது. தேநீரும் பாணும் அவரின் இராப்போசனமாகின்றன. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் பணம் மருந்துச் செலவுக்குப் போதலாம். அருகில் அமர்ந்து ஒரு கவளம் ஊட்டவும், கைபிடித்து முற்றம்வரை நடத்திச் செல்லவும் பணத்தால் இயலாது.

செய்யக்கூடியவை

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதத்தினர். அதன் பின்னர் அவ்வீதம் மேலும் உயர்ந்திருக்கின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கொவிட் தொற்றின்போது இந்நாட்டில் உயிரிழந்தோரில் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்களே. அந்த அனுபவத்தின் பின்னரும் முதியோரின் மீட்சி பற்றித் தனியாகச் சிந்திக்காதிருப்பது பொருத்தமற்றது.

வைத்தியசாலைகளில் இதற்குப் பாரிய நிதி தேவையில்லை. அனுமதிக்கப்படும் ஒவ்வொரு முதியவரையும் நிறுத்துப் பார்த்து எடையைக் குறிப்பதும், நோய்க்கு முன்னர் அவரால் நடக்க முடிந்ததா என்பதைக் கேட்டுப் பதிவதும், தட்டில் எவ்வளவு எஞ்சியது என்பதை நாடித்துடிப்பைப் போலவே அவதானிப்பதும், முதல் நாளிலேயே கதிரையில் அமரச் செய்வதும் இயலக்கூடியவை. இயன்மருத்துவர்களும் போஷாக்கு ஆலோசகர்களும் போதிய அளவில் நியமிக்கப்படும் வரை, தாதியரின் வழிகாட்டலில் உறவினர்களே இவற்றில் பலவற்றைச் செய்யலாம். பார்வையாளர் நேரத்தில் வருபவர் சோடாவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கட்டிலருகில் நின்று பேசிவிட்டுச் செல்வதற்குப் பதிலாக, அவித்த முட்டையோ மீன் சேர்த்துக் குழைத்த சோறோ கொண்டுவந்து நோயாளியை உட்காரவைத்து ஊட்டிவிட்டு, வைத்தியரின் அனுமதியுடன் விடுதியின் வாசல்வரை நடத்திச் செல்லலாம். துண்டு வெட்டும் நாளில் மருந்துப் பட்டியலுடன், வீட்டில் என்ன உண்ண வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்ற குறிப்பும் தமிழிலும் சிங்களத்திலும் வழங்கப்பட வேண்டும்.

வீடு திரும்பிய பின்னரான முதல் ஒரு மாதம் முக்கியமானது. மூன்று வேளையும் புரதமுள்ள உணவு, நாள்தோறும் சில முறை கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி, முதலில் அறைக்குள்ளும் பின்னர் முற்றத்திலும் அதன் பின் ஒழுங்கையிலும் படிப்படியாகக் கூட்டப்படும் நடை என்பனவே அம்மாதத்தின் மருந்துகள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு வைத்தியரை நாட வேண்டும். எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆனால் திரும்பக்கூடியவரைத் திரும்பவிடாமல் தடுப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

முதியவரைப் படுக்க வைத்து, போர்த்தி, எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து கொடுப்பதையே நாம் பாசமெனக் கருதி வந்திருக்கின்றோம். அப்பாசத்தை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் தான் எழுந்து, தானே உடுத்தி, தன் கையால் உண்டு, தன் கால்களால் வாசல்வரை சென்று வருவதே முதுமையில் ஒருவர் தன்னிடம் மிச்சமென்று கருதும் மரியாதையாகும். நோயினால் தளர்ந்தவருக்கு அம்மரியாதையை மீட்டுக் கொடுப்பதற்கு நேரமும் பொறுமையும் ஒரு கிண்ணம் நல்ல உணவும் போதுமென்றால், அதனைச் செய்யாதிருப்பதற்கு நாம் சொல்லத்தக்க காரணம் எதுவுமில்லை.